தோள் பிளந்த பொம்மைகள்: நருகோ கொகேஷிப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு ஜப்பானின் மியாகி மாநிலத்தில், ஓசாகி நகராட்சிக்கு உட்பட்ட நருகோ வெந்நீரூற்றுப் பகுதியில் இயங்கும் ஒரு சிறு கொகேஷிப் பட்டறையைப் பற்றியது. பட்டறையில் இருவர். ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய மூத்த கைவினைஞர். மற்றவர் அவரிடம் பல ஆண்டுகளாகத் தொழில் பழகி, கடைசல் வேலையைத் தனியே செய்யத் தொடங்கியிருந்த இளையவர். டோக்கியோவில் உள்ள ஒரு கைவினைக் கடைக்கு அனுப்பிய 80 பொம்மைகளில் 26 பழுதாயின. பழுது எங்கே தொடங்கியது, என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பது கீழே வரிசையாக உள்ளது. பட்டறை, கடை, ஆட்கள் ஆகிய பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

கொகேஷி என்பது ஜப்பானின் வடகிழக்கான தோஹோகு பகுதியில், கை கால் இல்லாமல் தலையும் உடலும் மட்டும் கொண்டு கடைந்து செய்யப்படும் மரப்பொம்மை. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில், மரக்கிண்ணமும் தட்டும் கடைந்து வாழ்ந்த கிஜிஷி என்னும் மலைக் கடைசல்காரர்கள், வெந்நீரூற்றுகளுக்கு உடல் தேற்ற வந்து தங்கிய உழவர் குடும்பங்களின் குழந்தைகளுக்காக இதைச் செய்யத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் இதற்குப் பல பெயர்கள் வழங்கின. ‘கொகேஷி’ என்று ஒரே பெயராக எழுதுவது என்ற முடிவு 1940இல் நருகோவில் கூடிய கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது. 1981இல் மியாகி மரபுக் கொகேஷி, அரசின் மரபுக் கைவினைப் பொருட்கள் பட்டியலில் இடம்பெற்றது.

மரபுவழிக் கொகேஷியில் பதினொன்று அல்லது பன்னிரண்டு பாணிகள் உண்டு. ட்சுகாரு, கிஜியாமா பாணிகளில் தலையும் உடலும் பெரும்பாலும் ஒரே மரத்துண்டு. ஹனமாகிப் பக்கத்து நான்பு பாணியில் தலை தளர்வாகச் செருகப்பட்டு ஆடும். நருகோவின் தனித்தன்மை கழுத்தில் இருக்கிறது. தலையைத் திருப்பினால் ‘கியூ கியூ’ என்று ஒலிக்கும். தலை சுழல வேண்டும், கழன்று வரக் கூடாது, ஒலியும் எழ வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வாய்த்தால்தான் அதை நருகோ பொம்மை என்று வாங்குபவர் ஏற்பார்.

2010ஐ ஒட்டி, இளம் பெண்களிடையே கொகேஷி மீதான ஆர்வம் மீண்டும் எழுந்தது. 1930களில் ஒரு முறையும், 1960, 70களில் ஒரு முறையும் வந்த அலைகளுக்குப் பின் இது மூன்றாவது. பொம்மை கேட்டுப் பட்டறைகளுக்கு வரும் ஆணைகள் கூடின, வேலை செய்யும் கைகள் கூடவில்லை. இந்த நிகழ்வு அந்தப் பின்னணியில் நடந்தது. டோக்கியோ கடை கோடைத் தொடக்கத்தில் கேட்டது: 6 சுன் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 18 செ.மீ.யில், 80 பொம்மைகள். நவம்பர் இறுதிக்குள் தர வேண்டும்.

கழுத்து எப்படிப் பொருந்துகிறது

பழுதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தலையின் அடியில் ஒரு முளை விட்டுக் கடைவார்கள். முளையின் நுனி சற்றுப் பருத்தும், அதற்கு மேலே சற்றுக் குறுகியும் இருக்கும். உடலின் மேல் முகத்தில், தோளின் நடுவே ஒரு துளை. அதன் வாய் குறுகல், உள்ளே அகலம். இந்தப் பட்டறையில் 6 சுன் பொம்மைக்குத் துளைவாய் ஏறத்தாழ 18 மி.மீ. முளை நுனி அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவே பெரிது. குளிர்ந்த நிலையில் முளை உள்ளே போகாது.

உடலைக் கடைசல் பொறியில் பூட்டிச் சுழலவிடுவார்கள். தலையைக் கையால் இறுகப் பற்றி, முளையைத் துளைவாயில் வைத்து அழுத்துவார்கள். உராய்வில் சூடு ஏறும், புகை வாசம் வரும், மரம் கிறீச்சிடும். சூட்டில் மரம் சற்று இளகும் நொடியில் முளை சட்டென்று உள்ளே இறங்கும். உடனே கையை விட வேண்டும், தலையும் உடலோடு சேர்ந்து சுழலும். ஆறியபின் வாய் குறுகிவிடுவதால் தலை வெளியே வராது. முளையும் துளைச்சுவரும் நெருக்கமாக உரசுவதால் ஒலி வருகிறது. இதில் பசை இல்லை, ஆணி இல்லை.

ஆகவே இந்தப் பொருத்தம் முழுக்க முழுக்க இரண்டு மரத்துண்டுகளின் ஈர அளவைச் சார்ந்தது. முளை துளையைவிடச் சற்றே அதிகம் காய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிற்காலத்தில் துளை கொஞ்சம் சுருங்கி முளையைப் பிடித்துக்கொள்ளும். முளை ஈரமாக இருந்தால் அது காயும்போது மெலிந்து, தலை தளர்ந்து, ஒலி போய்விடும். உடல் மிகவும் ஈரமாக இருந்தால் காயும்போது துளை சுருங்கப் பார்க்கும், காய்ந்த முளை இடம் கொடுக்காது, தோள் பிளக்கும்.

அந்த ஆண்டின் மரம்

நருகோவில் பெரும்பாலும் பயன்படுவது மிசுகி என்னும் மரம். வெண்மை, மென்மை, நெருக்கமான நார் ஆகியவை அதன் குணங்கள். சாயம் அதன் மேல் தெளிவாக விழும், முகத்தின் மெல்லிய மைக்கோடு பிசிறாமல் நிற்கும். அதன் குறை அதிகமான சாறு. வசந்தத்தில் கிளையை வெட்டினால் நீர் சொட்டும் அளவுக்கு ஏறும். அதனால் இலை உதிர்ந்து சாறு இறங்கிய பின், பின்னிலையுதிர் காலத்திலிருந்து நடுக்குளிர் வரையில்தான் வெட்டுவார்கள். வெட்டியதும் பட்டை உரித்து, மரம் ஒரேயடியாகக் காய்ந்து வெடிக்காதபடி இடையிடையே சில பட்டைக்கீற்றுகளை விட்டு, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தியோ அடுக்கியோ உலர்த்துவார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, தடித்த கட்டைக்கு அதற்கும் மேல் ஆகும்.

அந்தக் குளிர்காலத்தில் வழக்கமாக மரம் தரும் வெட்டுக்காரர் டிசம்பரில் பாதிச் சுமையைத்தான் இறக்கினார். கடும்பனியால் மலைப்பாதை மூடியது. மீதி ஏப்ரல் பின்பாதியில் வந்தது. அதற்குள் சாறு ஏறிவிட்டிருந்தது. பட்டை உரிக்கவும் மூன்று வாரம் தாமதமானது. உரித்தபோதே சில கட்டைகளின் வெட்டுமுகத்தில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தன. சாறுள்ள மிசுகியைப் பட்டையோடு விட்டால் இந்தக் கறை பிடிக்கும். மூத்தவர் கறை மிகுந்தவற்றை ஒதுக்கி, வெளியே வெள்ளையாகத் தெரிந்தவற்றை மட்டும் அடுக்கினார். நிறத்தை வைத்துச் செய்த தரப்பிரிப்பு என்ற அளவில் அது சரி. ஆனால் டிசம்பர் கட்டைகளும் ஏப்ரல் கட்டைகளும் ஒரே கூரையின் கீழ், அடையாளம் இல்லாமல், அடுத்தடுத்த அடுக்குகளில் நின்றன.

அதன்பின் மழைக்காலம். ஜூன், ஜூலையில் நருகோவின் காற்று ஈரத்தில் கட்டை காய்வது மிக மெதுவாகிவிடும். அக்டோபர் தொடக்கத்தில் ஆணைக்கான வேலையைத் தொடங்கியபோது, ஏப்ரல் கட்டைகள் ஐந்தரை மாதமே நின்றிருந்தன. அதிலும் ஒன்றரை மாதம் கணக்கில் சேராது.

கட்டைகளை 6 சுன் அளவுக்கு அறுத்து, உருளையாக முரட்டுக் கடைசல் செய்து, பட்டறைக்குள் விறகடுப்புக்கு அருகே பலகைத் தட்டில் பத்து நாள் வைத்தார்கள். தலைகளுக்கு மூத்தவரிடம் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்த பழைய உருளைகள் இருந்தன. ஆனால் 80க்குப் போதவில்லை. குறைந்ததைப் புதிய கட்டைகளிலிருந்து எடுத்தார்கள். இந்த இடத்தில் நான்கு வகைச் சேர்க்கைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று: பழைய தலையோடு டிசம்பர் உடல், பழைய தலையோடு ஏப்ரல் உடல், ஏப்ரல் தலையோடு டிசம்பர் உடல், இரண்டுமே ஏப்ரல். எந்தப் பொம்மை எந்தச் சேர்க்கை என்று எழுதி வைக்கும் வழக்கம் பட்டறையில் இல்லை.

செய்யும்போது தெரிந்தவை

பின்னர் இருவரிடமும் தனித்தனியே கேட்டபோது, வேலை நடந்த ஆறு வாரங்களில் மூன்று அறிகுறிகள் வெளிப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றையும் ஒருவர் கவனித்திருந்தார். ஆனால் மூன்றையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலாவது, சீவல். கன்னா என்னும் கொக்கி உளியால் உடலைக் கடையும்போது, நன்கு காய்ந்த மிசுகியில் சீவல் மெல்லியதாக வந்து, கையில் கசக்கினால் நொறுங்கும். சில உடல்களில் அது நீண்ட நாடாவாக, குளிர்ச்சியாக, கசக்கினாலும் நொறுங்காமல் வந்தது. இளையவர் இதைத் தம் உளியின் கூர்மைக்கு ஏற்றிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். உப்புத்தாளும் சீக்கிரம் அடைத்துக்கொண்டது.

இரண்டாவது, கழுத்துப் பொருத்தம். சில தலைகள் வழக்கத்தைவிட எளிதாக, புகை வாசமே இல்லாமல் இறங்கின. ஈரமரம் இளகுவதற்கு அதிகச் சூடு தேவையில்லை. தட்டிக் கொடுத்ததுபோல் உள்ளே போன இந்தத் தலைகள்தான் பின்னால் தொல்லை கொடுத்தன. பொருத்தியவர் இளையவர். கை பழகிவிட்டது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை, ஒலியும் அப்போது நன்றாகவே இருந்தது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் தெளிவானது. வண்ணம் தீட்டியவர் மூத்தவர். நருகோ உடலின் அடுக்குச் செவ்வந்தியைச் சிவப்பில் ஒரே இழுப்பில் இதழ் இதழாக வைப்பார்கள், இலை பச்சை. சாயம் நீரில் கரைத்தது. காய்ந்த மரத்தில் இதழின் ஓரம் கூர்மையாக நிற்கும். ஏறத்தாழ ஒரு டஜன் உடல்களில் சிவப்பு நார்த்திசையில் மயிரிழை போல ஊர்ந்தது. மழைநாளில் இது கொஞ்சம் நடப்பதுதான் என்பதால், அவர் தூரிகையில் சாயத்தைக் குறைத்து எடுத்துத் தொடர்ந்தார். தூரிகைக்கான திருத்தமாக அது சரியான முடிவு. ஆனால் அதே நாளில், அதே அறையில், மற்ற உடல்களில் சாயம் ஊராமல் நின்றது. வானிலை காரணமானால் எல்லாவற்றிலும் ஊர்ந்திருக்க வேண்டும்.

தீட்டியபின் பொறியில் சுழலவிட்டு மெழுகு ஏற்றினார்கள். மெழுகு பொம்மைக்குப் பளபளப்பைத் தருகிறது, சாயத்தையும் காக்கிறது. அதோடு மரம் ஈரத்தை வெளிவிடும் வேகத்தையும் குறைக்கிறது. உள்ளே இருந்த ஈரம் பட்டறையில் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நவம்பர் இறுதியில் 80 பொம்மைகளும் ஒலிசோதனை செய்து, தாள் சுற்றி அனுப்பப்பட்டன. அன்று ஒன்றிலும் பழுது இல்லை.

திரும்பி வந்தவை

ஜனவரி இறுதியில் கடையிலிருந்து செய்தி வந்தது. கையிருப்பில் இருந்த 52இல் 14 பழுது. விற்ற 28இல் 4ஐ வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். இந்த 18இல் 11க்குத் தோளில் பிளவு. 7க்குத் தலை தளர்ந்து, ஒலி இல்லாமல், தலைகீழாகப் பிடித்தால் ஆடியது.

கடைக்காரர் முதலில் கேட்டது கண்ணாடி முகப்பில் வைத்ததால் ஆகியிருக்குமா என்று. இளையவரின் ஐயம் தாம் அழுத்திய விதத்தின் மேல். மூத்தவர் இரண்டையும் உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கையிருப்பு முழுவதையும் திருப்பி அனுப்பச் சொன்னார், நல்லவை உட்பட. இந்த ஆய்வில் மிகவும் பயன்பட்ட முடிவு இதுதான். பழுதானவற்றை மட்டும் பார்த்திருந்தால் எதோடு ஒப்பிடுவது? 56 பொம்மைகள் வந்து சேர்ந்தன.

பிளந்து பார்த்தது

முதலில் விரிசலை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். எல்லாப் பிளவும் துளைவாயில் அகலமாகத் தொடங்கி, தோள்வளைவைக் கடந்து, செவ்வந்தியின் மேல் இதழ்வரை ஒடுங்கிச் சென்றது. பிளவின் உள்முகத்தில் சாயமோ மெழுகோ இல்லை, மரம் வெள்ளையாக இருந்தது. பொருத்தும்போதே கீறியிருந்தால் நீர்ச்சாயம் அந்தக் கீறலுக்குள் ஓடியிருக்கும், மெழுகும் புகுந்திருக்கும். எனவே பிளவு மெழுகு ஏற்றிய பின் வந்தது. இளையவரின் கைப்பிழை என்ற ஐயம் இங்கேயே தீர்ந்தது.

கண்ணாடி முகப்பும் காரணமில்லை. பழுதான 14இல் பாதிக்கு மேல் பெட்டிக்குள்ளேயே இருந்தவை. முகப்பில் இருந்த சில பழுதில்லாமல் இருந்தன, அவற்றின் சிவப்பு மட்டும் ஒரு பக்கம் வெளிறத் தொடங்கியிருந்தது.

பிறகு பழுதானவற்றை ஒவ்வொன்றாக உளி வைத்து நார்வழியே பிளந்தார்கள். சாம்பல் கறை இங்கே சாட்சி சொன்னது. ஏப்ரல் கட்டைகளில் வெளியே வெள்ளையாகத் தெரிந்தவற்றிலும் உள்ளே மெல்லிய சாம்பல் கீற்று இருந்தது. தோள் பிளந்த 11இலும் உடல் ஏப்ரல் மரம், தலை பழைய மரம். தளர்ந்த 7இலும் தலை ஏப்ரல் மரம், உடல் டிசம்பர் மரம். விதிவிலக்கே இல்லாமல் இப்படிப் பிரிந்தது பார்த்தவர்களையே திகைக்க வைத்தது.

எவ்வளவு ஈரம் என்பதை அளக்க வேறு வழி வேண்டியிருந்தது. டோக்கியோ போய் வந்த பொம்மைகள் இப்போது காய்ந்துவிட்டன, அவை பழைய அளவைக் காட்டா. நல்வாய்ப்பாக, அதே தொகுதியில் மிஞ்சிய முரட்டு உருளைகள் குளிர்ந்த கொட்டகையில் இருந்தன. அவற்றின் நடுவிலிருந்து 2 செ.மீ. தடிமனுக்கு வட்டுகளை அறுத்து, வெளிவளையத்தையும் உட்பகுதியையும் தனித்தனியே பிரித்து எடைபோட்டு, 103 பாகை செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் எடைபோட்டார்கள். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈர அளவு. டிசம்பர் மரம் உள்ளும் புறமும் 15, 16 விழுக்காடு. ஏப்ரல் மரம் வெளியே 13, உள்ளே 21. அடுப்போரத்துப் பத்து நாள் மேற்பரப்பை மட்டும் காயவைத்து, உள்ளே ஈரத்தை அடைத்திருந்தது. பழைய தலை உருளைகள் 11.

இனிக் கணக்கு எளிது. திறந்தவெளிக் காற்றில் ஜப்பானில் மரம் நிலைகொள்ளும் ஈரம் சராசரியாக 15 விழுக்காடு. டோக்கியோவின் குளிர்காலம் வறண்டது. சூடேற்றிய அறையில் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் மரம் 8 விழுக்காட்டுக்கு அருகே இறங்கும். அடர்த்தி நடுத்தரமான இத்தகைய மரங்களில், ஈரம் ஒரு விழுக்காடு குறைய வளையத் திசையில், அதாவது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், ஏறத்தாழ கால் விழுக்காடு சுருங்கும் என்று கொள்வார்கள். 21இலிருந்து 8க்கு வரும் 18 மி.மீ. துளை அரை மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கிறது. 11இலிருந்து 8க்கு வரும் முளை அதில் கால்பங்குதான் மெலிகிறது. மீதி விசை முழுவதும் தோளை உள்ளிருந்து நெம்புகிறது.

இன்னொன்றும் சேர்ந்தது. இந்த உடல்கள் ஒல்லியான கட்டையிலிருந்து, மரத்தின் நடுச்சோறு (மையத்தில் உள்ள மென்மையான பகுதி) பொம்மையின் அச்சிலேயே அமையும்படி எடுக்கப்பட்டவை. மரம் ஆரத்திசையில், அதாவது நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில், சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வளையத்திசையில் சுருங்கும். நடுவைச் சுற்றி வளையங்கள் முழுமையாக இருந்தால், முளை இல்லாவிட்டாலும் ஆரவாட்டில் வெடிக்கும் போக்கு அதற்கு இயல்பிலேயே உண்டு.

இரண்டும் ஏப்ரல் மரமாக இருந்த பொம்மைகள் இந்தக் கட்டத்தில் பழுதாகவில்லை. முளையும் துளையும் ஒன்றாகவே மெலிந்தன.

எடுத்த முடிவுகள்

*நல்லவையாகத் தெரிந்த 38.* கடை அவற்றை உடனே திரும்பக் கேட்டது. மூத்தவர் தரவில்லை. அடுப்பு எரியும் சிறு அறையில், ஈரப்பதமானி 35 விழுக்காட்டை ஒட்டிக் காட்டும்படி வைத்து, ஐந்து வாரம் அடுக்கினார். டோக்கியோ செய்யக்கூடியதை இங்கேயே செய்து பார்ப்பது நோக்கம். 5 பொம்மைகள் இதில் தோள் பிளந்தன. மீதி 33 ஏப்ரலில் கடைக்குப் போயின. பொம்மை கையிலிருந்து போனபின் பிளப்பதைவிடக் கையில் இருக்கும்போதே பிளப்பது நல்லது என்பதால் இந்த இழப்பை அவர்கள் தெரிந்தே ஏற்றார்கள்.

*வாங்கியவர்களிடம் இருந்த 24.* கடை தன் பதிவேட்டிலிருந்து அவர்களுக்கு எழுதியது. ஓராண்டு வரை பழுது வந்தால் மாற்றித் தரப்படும் என்றது. மேலும் 3 வந்தன. இரண்டு பிளவு, ஒன்று தளர்வு. ஆக மொத்தம் 18 பிளவு, 8 தளர்வு.

*ஒட்டுப்போடுவதில்லை.* பிளவை மரத்தூளும் பசையும் கொண்டு நிரப்பலாம் என்று கடை கேட்டது. மழைக்காலத்தில் மரம் உப்பும்போது நிரப்பு பிதுங்கும், அடுத்த குளிரில் அதன் பக்கத்தில் புதிய பிளவு வரும். தளர்ந்த கழுத்துக்கு மெழுகு தடவலாம் என்பது இளையவரின் யோசனை. மெழுகு வழுக்கும், ஒலிக்கு வேண்டியதோ உரசல். இரண்டும் விடப்பட்டன.

*தலைகளைக் காப்பது.* முகம் எழுதப்பட்ட தலைகளை மூத்தவர் தூக்கி எறிய மறுத்தார். ஒவ்வொரு முகமும் தனித்தனியே எழுதியது. உடலைப் பிளந்தபோதே தலைகள் முழுதாகக் கிடைத்திருந்தன. பழைய மரத்தில் செய்த 18 தலைகளின் முளை கெடவில்லை. ஏப்ரல் மரத்துத் தலைகள் 8ஐக் கோடை முழுவதும் உள்ளறையில் காயவைத்தார்கள். அவற்றில் 2 பின்புறம் கீறின, 6 தேறின. ஆக 24 தலைகளுக்கு நன்கு காய்ந்த டிசம்பர் மரத்தில் புதிய உடல்கள் கடைந்தார்கள். மெலிந்த 6 முளைகளுக்குத் துளைவாயை அந்தந்த முளைக்குத் தக்கபடி குறுக்கிக் கடைந்தார்கள். பொதுவாக முகம் எழுதுமுன்தான் தலையைப் பொருத்துவார்கள். இங்கே எழுதிய முகம் இருந்ததால், சூடு ஏறும்போது கை நழுவி மை கலையாமல் இருக்கப் பருத்தித் துணியை இறுகச் சுற்றிப் பிடித்தார்கள். ஒன்றில் மட்டும் புருவம் தேய்ந்தது. அதை மேற்பரப்பில் மெல்லிசாகச் சீவி எடுத்து மறுபடி எழுதினார் மூத்தவர்.

இவற்றோடு புதிதாகச் செய்த 2 பொம்மைகளையும் சேர்த்து 26 மாற்றுப் பொம்மைகளும் அக்டோபரில் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அனுப்புமுன் ஐந்து வார வறண்ட அறைச் சோதனை இவற்றுக்கும் நடந்தது.

அடுத்த குளிர்காலம்

மாற்றியனுப்பிய 26இல் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ஒரு தலை ஒலி குன்றியது, அது துளைவாய் குறுக்கிய ஆறில் ஒன்று. அந்த ஆண்டு கடை கேட்ட புதிய ஆணையைப் பட்டறை ஏற்கவில்லை. கையில் தேறிய மரம் 40 பொம்மைகளுக்கே போதுமானதாக இருந்தது. அந்த 40ஐயும் ஊருக்கு நேரில் வருபவர்களுக்காக வைத்துக்கொண்டார்கள். வருமானத்தில் இது பெரிய அடி. மூத்தவர் ஓய்வுநேரத்தில் கடையும் தட்டுகளும் பம்பரங்களும் அந்த ஆண்டை ஓரளவு தாங்கின.

இளையவர் சூட்டறையில் உலர்த்திய மரத்தை வாங்கிப் பார்க்கலாம் என்று வாதிட்டார். பத்துக் கட்டைகளை அப்படி உலர்த்திப் பார்த்தார்கள். ஈரம் 9 விழுக்காட்டில் சீராக இருந்தது, பிளவு இல்லை. ஆனால் கன்னாவுக்கடியில் மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, தோள்வளைவில் நார் பிய்ந்தது, உப்புத்தாள் வேலை இரட்டிப்பானது. முழுதாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. சிறிய தலைகளுக்கு அது பயன்படலாம். உடலுக்கு வேண்டாம் என்ற அளவில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பட்டறையில் மாறியவை, மாற வேண்டியவை

கட்டை வந்த அன்றே வெட்டுமுகத்தில் வெட்டிய மாதத்தைக் குறித்து, ஆண்டுக்கு ஒரு நிறம் தீட்டுகிறார்கள். வெட்டுமுகத்தில் மரப்பசை பூசுவதால் முனைவெடிப்பும் குறைந்தது. அறுத்த உருளையிலும் அந்த நிறம் தொடரும்படி அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். கடைசி மெருகு வரை அது நிற்கும்.

சாறு ஏறிய பின் வந்த மரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் அது தனி அடுக்கில், இரண்டு குளிர்காலம் கடக்கும்வரை தொடப்படாமல் நிற்கும்.

உடலை முரட்டுக் கடைசல் செய்யும்போதே, இறுதி அளவைவிட 4 மி.மீ. கூடுதலாக விட்டு, கழுத்துத் துளை வரும் இடத்தில் 10 மி.மீ. துளையிட்டு நடுச்சோற்றை எடுத்துவிடுகிறார்கள். உள்பகுதி இரு பக்கமும் காற்றுப் பட்டு உலர்கிறது. வெடிக்க வேண்டிய உருளை வண்ணம் காணுமுன்பே வெடித்துவிடுகிறது. முதல் ஆண்டிலேயே பத்தில் ஒன்று இப்படிக் கழிந்தது. கழிந்தவை பம்பரமாயின.

தலைகளை முன்கூட்டியே கடைந்து, உள்ளறையில் வைத்து, முளை 9 அல்லது 10 விழுக்காட்டுக்கும் உடல் 12க்கும் வந்தபின்பே பொருத்துகிறார்கள். இதற்காக ஒரு முள் ஈரமானி வாங்கினார்கள். அது முள் இறங்கும் சில மில்லிமீட்டர் ஆழத்தைத்தான் காட்டும். எனவே ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் உருளையைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் முள்ளைக் குத்தி அளக்கிறார்கள். ஓர் உருளை வீணாகும். அதைச் செலவாகவே எழுதுகிறார்கள்.

சாயம் ஊர்ந்தால் அந்த உடல் உடனே தட்டுக்குத் திரும்புகிறது. ஒரே அறையில் ஒன்று ஊர்ந்து மற்றது ஊராவிட்டால், தூரிகையைத் திருத்தாமல் அன்றைய தீட்டலை நிறுத்த வேண்டும் என்பது இப்போது எழுதி ஒட்டப்பட்ட விதி. சீவல் நொறுங்காமை, சூடில்லாமல் தலை இறங்குதல் ஆகிய இரண்டும் அதே தாளில் உள்ளன. கடைபவரும் தீட்டுபவரும் மாலையில் அன்று கண்டதை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

பொம்மையோடு ஒரு சிறு குறிப்பும் போகிறது: சூடேற்றிக்கு அருகிலும் நேர்வெயிலிலும் வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் தலை இறுகும், அப்போது வலிந்து திருப்ப வேண்டாம்.

தீராமல் இருப்பது மரவரத்து. வெட்டுக்காரருக்கும் வயதாகிறது, மிசுகிக்கென்று மலையேறுபவர் குறைவு. பட்டறை இப்போது அக்கம்பக்கத்து மூன்று பட்டறைகளோடு சேர்ந்து, டிசம்பருக்குள் வெட்டி இறக்கும் சுமைக்கு முன்பணமும் கூடுதல் விலையும் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. பிப்ரவரிக்குப் பின் வரும் சுமைக்குப் பாதி விலை. முதல் இரண்டு குளிர்காலங்களில் சுமை முழுதாக, நேரத்தில் வந்தது. அதிலிருந்து செய்யும் பொம்மைகளுக்கான காத்திருப்பு இப்போது ஓராண்டுக்கு மேல், அதை ஆணை கொடுப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.